ஒரே எஞ்சின், இரண்டு கணக்கு

கல்முனைக்குடிக் கடற்கரையில் ஒரு பாரைமீனை இரு தராசுகளில் நிறுத்து, ஒன்று பத்துக் கிலோ என்றும் மற்றது எட்டரைக் கிலோ என்றும் காட்டினால், அங்கே எழும் ஆரவாரம் பிரதான வீதிவரை கேட்கும். மீன் விடயத்தில் இத்துணைக் கண்டிப்பாக இருக்கும் நாம், அதைவிடப் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கும் எஞ்சினின் வலுவை மட்டும், கடதாசியில் அச்சிட்டபடியே நம்பிவிடுகிறோம். வண்டியைச் சோதிப்பித்து, "நூற்றிருபது குதிரை" என்ற தாளோடு பெருமிதமாகத் திரும்பும் இளைஞர், அதே வண்டி வேறோர் இடத்தில் நூற்றைந்து காட்டியதும் மனம் நோவார். பொய் சொன்ன இயந்திரம் எது? பெரும்பாலும் இரண்டுமே பொய் சொல்லவில்லை.

முதலில் குதிரையையே பார்ப்போம். ஜேம்ஸ் வாட் வகுத்த கணக்கின்படி, நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை ஒரு குதிரைவலு; இன்றைய அளவில் 745.7 உவாற்று. ஐரோப்பியக் கண்டத்தாரோ, 75 கிலோகிராம் நிறையைச் செக்கனுக்கு ஒரு மீற்றர் உயர்த்துவதைக் குதிரைவலு எனக் கொண்டனர், அது 735.5 உவாற்று. யப்பானிய வண்டிகளின் விவரத் தாள்களில் 'பீ.எஸ்.' என்று காண்பது இந்தச் சற்றே இளைத்த குதிரைதான். இது சிறிய வேற்றுமை. பெரியது அளக்கும் முறையிலே இருக்கிறது.

1821இல் பிரான்சு நாட்டு டி புரோனி, சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து அதன் முறுக்கத்தை அளந்தார். 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட், கட்டைக்குப் பதிலாக நீரைத் தடையாக்கினார். இவையெல்லாம் எஞ்சின் தண்டையே பற்றிப் பிடிப்பவை. எஞ்சினைக் கழற்றாமல், வண்டியையே உருளைகளின் மேல் ஏற்றிச் சில்லில் கிடைக்கும் வலுவை அளப்பதுதான் நாம் பேசவந்த 'சசி டைனமோமீற்றர்'.

அதில் ஒரு வகை, வெறும் கனத்த உருளை. எஞ்சின் அதை எவ்வளவு விரைவில் சுழலச் செய்கிறது என்பதிலிருந்து வலு கணிக்கப்படும். மாணவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். உருளையின் சடத்துவம் 1,000 கிலோகிராம் திணிவுக்கு ஈடானது என்போம். அதன் விளிம்பு வேகம் 10 செக்கனில் 20இலிருந்து 40 மீற்றராக உயர்ந்தால், பெற்ற சக்தி 600,000 யூல். செக்கனுக்கு 60,000 யூல். அதாவது சராசரி ஏறக்குறைய 80 குதிரைவலு. ஆனால் அந்தப் பத்துச் செக்கனில் உருளை மட்டுமா ஆர்முடுகியது? எஞ்சினின் பறப்புச்சில்லு, கியர்கள், வண்டிச் சில்லுகள் யாவும் அல்லவா வேகம் பெற்றன! அவற்றுக்குச் செலவான வலு தாளில் ஏறுவதில்லை. கனமான சில்லு பூட்டினால் எஞ்சின் மாறாமலே எண் இறங்கும்.

மற்றொரு வகையில், காந்தத்தினாலோ நீரினாலோ உருளைக்குத் தடை கொடுத்து, வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தி, தடுக்கும் விசையை அளப்பர். இங்கே சடத்துவத்துக்குப் போகும் வலு இல்லை. ஆனால் சுமையோடு நெடுநேரம் ஓடுகையில் எஞ்சினும் ரயரும் சூடேறும். இரு சிறிய உருளைகளுக்கு இடையே சிக்கி நசுங்கும் ரயர், ஒரே பெரிய உருளைமீது ஓடும் ரயரைவிடக் கூடுதலான வலுவை விழுங்கும். மூன்றாம் வகையில் சில்லையே கழற்றிவிட்டு, அச்சின் குடத்தில் கருவியைப் பூட்டுகின்றனர்; ரயரின் நட்டம் அங்கே இல்லாததால் எண் சற்று உயர்ந்து நிற்பது இயல்பே.

இனி வானிலை. கடலோர வெக்கையில் காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினின் மூச்சும் குறையும். நுவரெலியாவின் உயரத்தில் காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆதலின் அளந்த எண்ணை ஒரு நியமக் காற்றுக்கு மாற்றி எழுதுவர். எந்த நியமம் என்பதிலேதான் சூட்சுமம். அமெரிக்காவின் பழைய நியமம் 15.5 பாகைக் குளிர்காற்றைக் கொள்ளும். பின்வந்த நியமம் 25 பாகையையும் சற்றுக் குறைந்த அமுக்கத்தையும் கொள்ளும். ஒரே ஓட்டத்துக்குப் பழையது ஏறக்குறைய 4 வீதம் கூடுதலாகக் காட்டும். விற்பவர் எதை விரும்புவார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

சில்லில் கிடைத்ததோடு 15 வீதம் கூட்டினால் எஞ்சினின் வலு வந்துவிடும் என்று கராச்சுகளில் ஒரு வாய்பாடு உலவுகிறது. நமக்கு இது உடன்பாடன்று. கியரின் உராய்வும் எண்ணெயின் பிசுக்கும் வேகத்தோடும் சூட்டோடும் மாறுபவை. எல்லா வண்டிக்கும் ஒரே வீதம் எப்படிப் பொருந்தும்?

வளைகுடாவில் உழைத்த காசில் புதிய புகைக்குழாய் பூட்டும் தம்பிமாருக்கு இதில் நேரடியான பணநட்டம் இருக்கிறது. பூட்டுமுன் ஓரிடத்திலும் பூட்டியபின் வேறோர் இடத்திலும் சோதித்து, "பத்துக் குதிரை கூடிற்று" என்றால், அந்தப் பத்தும் குழாயினால் வந்தனவா, உருளையினால் வந்தனவா? அதே கருவி, அதே கியர், அதே ரயர்க் காற்று, அதே நியமம், இருமுறைக்கு மூன்றுமுறை ஓட்டம் என்றால் மட்டுமே அந்த வேற்றுமைக்குப் பொருளுண்டு. (ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனைத் தாளில் இதற்கு விடை தேடவேண்டாம், அங்கே பார்ப்பது புகையை, வலுவையன்று.)

உழவர்கள் இந்த வழக்கை முன்பே தொடுத்துவிட்டனர். அமெரிக்காவின் நெபிராஸ்காவில், சொன்ன வலுவைத் தராத உழவு இயந்திரங்களால் அலுத்துப்போன வில்மொட் குரோசியர் என்ற உழவர், சட்டசபை உறுப்பினராகி, 1919இல் ஒரு சட்டம் நிறைவேறத் துணைநின்றார். பல்கலைக்கழகம் சோதித்துப் பார்க்காத வகை எதையும் அந்த மாநிலத்தில் விற்கலாகாது என்றது அது. 1920இல் சோதனைகள் தொடங்கின. எல்லா இயந்திரங்களையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து, எஞ்சின் சுழற்றும் வலு வேறு, கொழுவிய பாரத்தை இழுக்கும் வலு வேறு என்று தனித்தனியே எழுதினர். நமது வயற்பக்கம் உழவு இயந்திரம் வாங்கப்போகிறவர், விளம்பரத் தாளில் உள்ள ஒற்றை எண் இவற்றுள் எது என்று முதலில் கேட்கட்டும்.