நாளொரு காசு

இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் மிகுந்த பாரமுடையது 'நாளைக்கு' என்னும் சொல்லாகும். அரிசி மூடையை நாளைக்கென வாங்கி வைக்கின்றோம். மகளின் காப்பையும் சங்கிலியையும் நாளைக்கெனப் பூட்டி வைக்கின்றோம். வங்கிப் புத்தகத்தில் ஏறும் ஒவ்வோர் எண்ணும் நாளைக்கே உரியது. இவற்றுள் எதனையும் குறை கூறுதல் நம் கருத்தன்று. மூன்று பெண் மக்களைப் பெற்ற ஒரு தாயிடம் சென்று, "ஆண்டவன் பார்த்துக்கொள்வான், அலுமாரியைத் திறந்துவிடு" என்று உபதேசிப்பவர் பெரும்பாலும் தமக்குப் பெண் மக்கள் இல்லாதவராகவே இருப்பர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று பகலில் வாயாற் சொல்லுகின்ற நாம், இரவில் இருமுறை எழுந்து அலுமாரிப் பூட்டை இழுத்துப் பார்ப்பது ஏன்?

சோழநாட்டுத் திருவீழிமிழலையில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கியிருந்த காலத்தில் கொடிய பஞ்சம் வந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். மழை பொய்த்தது, அடியார்கள் உணவின்றி வருந்தினர். இறைவன் இருவருக்கும் கனவில் தோன்றி, பஞ்சம் தீருமளவும் நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவதாக அருளினார். கோயிலின் கிழக்குப் பீடத்தில் ஒரு காசு, மேற்குப் பீடத்தில் ஒரு காசு. அக்காசுகளைக் கடையிற் கொடுத்துப் பண்டம் பெற்று, இருவர் திருமடங்களிலும் அடியார்க்கு அமுது படைக்கப்பட்டது.

இவ்வரலாற்றை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகின்றோம். கேட்ட பழக்கத்தினாலே அதிலுள்ள விந்தையைக் கவனிப்பதில்லை. கொடுப்பவன் இறைவனாயின், ஒரு குடம் நிறையப் பொன்னை ஒரே நாளிற் கொடுத்திருக்கலாமன்றோ? பஞ்சம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் அவனுக்குத் தெரியாததன்று. இருந்தும் நாளொரு காசாகவே கொடுத்தான். அன்று படைத்த அமுதோடு அன்றைய காசும் முடிந்தது. மறுநாட் காலையிற் பீடத்தருகே மீண்டும் போய் நிற்கவேண்டியிருந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்க செய்தி கிறித்தவ வேதத்தின் யாத்திராகமத்தில் உண்டு. எகிப்தைவிட்டு வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலருக்கு மன்னா என்னும் உணவு காலைதோறும் நிலத்தில் உதிர்ந்து கிடந்தது. தலைக்கு ஓர் ஓமர் அளவே எடுக்கவேண்டும். மறுநாளுக்கு மிச்சம் வைத்தலாகாது என்பது கட்டளை. சிலர் வைத்தார்கள். வைத்தது புழுத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்திய ஆறாம் நாளில் இருமடங்கு எடுத்து வைக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. அவ்வாறு வைத்தது கெடவில்லை. ஆதலின் சேமித்தல் என்னும் செயலே பாவமென்று கொள்வதற்கில்லை. வேண்டிய நாளுக்கென வைத்த உணவு நன்றாகவே இருந்தது. நாளைக்கு வராமற் போய்விடுமோ என்னும் அச்சத்தினால் வைத்ததே புழுத்தது.

திருவீழிமிழலைக்கு மீண்டும் வருவோம். இரண்டு காசுகளும் ஒருதன்மையன அல்ல. அப்பரடிகள் பெற்ற காசு குறையற்றது. கடையில் உடனே மாறிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி, அதாவது வட்டம், கொடுக்கவேண்டியிருந்தமையால் பண்டம் பெறுதல் தாமதமாயிற்று. அப்பர் மடத்தில் உரிய வேளையிற் பந்தி முடிந்துவிட, சம்பந்தர் மடத்தில் உலை கொதிக்கவே காலம் சென்றது. காரணம் யாதென வினவியபோது கிடைத்த விடை நம் வீட்டுப் பிள்ளைகள் அறியவேண்டியது: அப்பர் உழவாரப்படை தாங்கி உடலால் உழைப்பவர், அவர் பெற்ற காசில் வாசியில்லை. பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார் என்பது வேறு கதை. இறைவனை நம்புதல் என்பது திண்ணையிற் சாய்ந்திருத்தல் என்று கருதுவோர்க்கு இவ்வொரு நிகழ்ச்சி போதும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுமாறு நபிகள் நாயகம் கூறியதாக இஸ்லாமியர் போற்றும் மொழியும் இதனையே சொல்லுகின்றது.

அதே அப்பர் திருப்புகலூரிற் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் விளங்கக் கண்டார் என்பர். அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தாராம். அன்றன்று காசுக்குக் கை நீட்டியவர், காலடியிற் கிடந்த பொன்னை எறிந்தது முரணாகத் தோன்றலாம். அந்தக் காசு பசித்த வயிற்றுக்கு உரியது. இந்தப் பொன் ஒருவர்க்கும் உரியதன்று. வேறுபாடு அவ்வளவே.

புராண காலத்தை விட்டு நம் காலத்துக்கு வருவோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கல்வீடுகளும், பத்தாயங்களும், தைலப் பெட்டிகளிற் கிடந்த பட்டுக்களும் பின்னே நின்றன. ஒரு சைக்கிளின் பின்புறம் தாங்கியதே ஒரு குடும்பத்தின் சொத்தாயிற்று. சாவகச்சேரி, கொடிகாமம் பகுதிகளிற் பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் நிரம்பி வழிந்தன. முன்பின் அறியாதவர்களுக்குப் படலை திறந்த வீடுகள் பல. இனி 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் நூற்றுக்கு 70 வீதமளவு உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களோ நூற்றுக்கு 90 வீதத்துக்கும் மேல். ஓய்வூதியர் ஒருவர் முப்பது ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் ஒரு சதமேனும் குறையாமல் இருந்தது. அதனால் வாங்கக்கூடிய பால்மாப் பெட்டிகளின் தொகைதான் பாதியாயிற்று. கள்வனும் வரவில்லை, பூட்டும் உடையவில்லை.

பொருள் இவ்வாறு கைவிடும் என்பதை அறிவதற்குப் பெரும் ஞானம் வேண்டியதில்லை. கைவிட்ட பின்னும் அச்சமின்றி வாழ்வது எவ்வாறு என்பதே கடினமான பாடம். அதனை வாழ்ந்து காட்டியவர்களுள் ஜோர்ஜ் முல்லர் என்பவரின் கணக்குப் புத்தகம் நம் சிந்தனைக்கு உரியது. கணக்குப் புத்தகம் என்று கூறியது வேண்டுமென்றேயாம். பக்தர் பலருடைய பாடல்கள் உலகுக்குக் கிடைத்துள்ளன. வரவு செலவு கிடைத்த பக்தர் மிகச் சிலரே.

முல்லர் 1805ஆம் ஆண்டு பிரஷ்யாவிற் பிறந்தவர். தந்தையார் வரி அறவிடும் அலுவலர். அவர் பொறுப்பிலிருந்த அரசாங்கப் பணத்தையே மகன் திருடினான். பதினாறு வயதில் விடுதிகளில் தங்கி உண்டுவிட்டுப் பணம் கொடாது சென்றமைக்காகச் சிறையும் இருந்தான். ஹாலே நகரிற் பயிலும்போது, 1825இல், மனம் மாறிற்று. 1829இல் இங்கிலாந்து சென்று சமயப் பணியாளரானார். அக்காலத்து ஆலயங்களில் ஆசனங்களுக்கு வாடகை வாங்கிப் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது வழக்கம். செல்வர்க்கு முன்னாசனம், ஏழைக்குப் பின்னாசனம் என்னும் நிலையை வெறுத்த முல்லர், மணமுடித்த 1830ஆம் ஆண்டிலேயே அச்சம்பளத்தைக் கைவிட்டார். புது மனைவியும் உடன்பட்டாள் என்பதை இப்பகுதியைப் படிக்கும் ஆடவர் கவனிப்பாராக. இத்தகைய துணிவுகளின் பாதிச் சுமை எப்போதும் அடுக்களையிலேயே இறங்குகின்றது.

1836ஆம் ஆண்டு ஏப்ரலில், பிரிஸ்டல் நகரத்து வில்சன் வீதியில் வாடகை வீடொன்றில் அநாதைச் சிறுமியர் இல்லம் தொடங்கினார். இதிலொரு வேடிக்கையும் உண்டு. வீட்டுக்காகவும் பணத்துக்காகவும் பணியாளருக்காகவும் மன்றாடியவர், பிள்ளைகள் வரவேண்டுமென்று மன்றாட மறந்துவிட்டாராம். விண்ணப்பம் பெறுவதற்குக் குறித்த நாளில் ஒருவரும் வரவில்லை. அதன்பின் அதற்கும் மன்றாடினார். பிள்ளைகள் வந்தனர், வந்துகொண்டே இருந்தனர். 1849இல் ஆஷ்லி டவுன் என்னும் மேட்டில் 300 பிள்ளைகளுக்கான கட்டடம் எழுந்தது. 1870 அளவில் அங்கு ஐந்து பெருங் கட்டடங்கள் நின்றன. 2,000 பிள்ளைகளுக்கு இடமிருந்தது.

அவர் கைக்கொண்ட விதிகள் இரண்டு. எம்மனிதரிடமும் பணம் கேட்பதில்லை. கடன் வாங்குவதில்லை. 1838 தொடக்கம் சில ஆண்டுகள், காலையில் அடுத்த வேளைப் பாலுக்குக் காசின்றி இருந்த நாள்கள் பலவற்றை அவர் தம் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். ஆசிரியரும் பணியாளரும் கூடி மன்றாடுவர். தம்மிடமுள்ள சில்லறையையும் போடுவர். இன்றியமையாதன அல்லாத பொருளை விற்பர். வெளியார் எவரிடமும் வாய் திறவார். ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கையே மறைமுகமான யாசகமன்றோ என்று குறும்பாகக் கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. முல்லரும் அதனை உணர்ந்திருந்தார் போலும். 1841 டிசெம்பரில் இல்லங்களில் பணமுடை மிகுந்திருந்தபோது, அறிக்கை வெளியிடும் வேளை வந்தும், அதனை அவர் ஒத்திவைத்தார். முடை வேளையில் வெளியிட்டால் அது கேட்பதாக முடியும் என்பதே காரணம்.

1898இல், 92ஆவது வயதில், அவர் இறந்தார். அவர் கைவழியாகச் சென்ற தொகை ஏறத்தாழ 15 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண். வளர்ந்த பிள்ளைகள் 10,000க்கு மேல். தமக்கென்று கிடைத்தவற்றிலும் 80,000 பவுணுக்கு மேற்பட்டதை வழங்கிவிட்டார். நூல்களும் தளபாடங்களும் உட்பட அவர் விட்டுச் சென்றது 200 பவுணுக்கும் குறைவு.

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடியும். ஆயினும் நேர்மையாகாது. முல்லர் பிரிஸ்டலில் மன்றாடிப் பெற்ற அதே 1840களின் பிற்பகுதியில், அருகேயுள்ள அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மடிந்தனர். அவர்களுள் முழந்தாளிட்டு மன்றாடாத தாய் ஒருத்தியேனும் இருந்திருப்பாளா? மன்றாடினால் உணவு வரும் என்பது வட்டிக்கடைக் கணக்குப் போன்ற உறுதியன்று. இக்கேள்விக்கு இலகுவான விடை கூறுவோரை நாம் நம்புவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். பஞ்சம் நிலவிய அந்த ஆண்டுகளிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. உணவு படைக்கப்படாமலில்லை. வந்து சேரவேண்டிய காசு வேறு கைகளில் இறுகிக் கிடந்தது. முல்லரின் பிள்ளைகளுக்கும் வானத்திலிருந்து அப்பம் விழவில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் அலுமாரியைத் திறந்தபோதே இங்கே பால் வந்தது. நம்முடைய பூட்டு யாருடைய மன்றாட்டின்மீது பூட்டப்பட்டுள்ளது என்பதை நாமெவரும் அறியோம்.

அவ்வாறு திறந்தவர்களுள் ஒருத்தியை முல்லர் பெயரின் முதலெழுத்துக்களால் மட்டும் குறிப்பிடுகின்றார். நோயுற்ற உடலினள், தையல் வேலையால் வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளே ஈட்டுபவள். குடும்ப வழியில் அவளுக்கு 480 பவுண் வந்து சேர்ந்தது. தந்தையின் கடன்களை அடைத்தாள். தாய்க்கு 100 பவுண் கொடுத்தாள். தொடங்கவிருந்த அநாதை இல்லத்துக்கு 100 பவுண் கொண்டுவந்தாள். முல்லர் வாங்க மறுத்தார். ஒருநாள் உணர்ச்சியினாற் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவாளோ என அஞ்சிப் பலவாறு வினவினார். அவள் தன் முடிவினின்றும் அசையவில்லை. வறியோர்க்கென மேலும் 5 பவுணையும் சேர்த்தே வைத்தாள். எஞ்சிய பணமும் இவ்வாறே சிறிது சிறிதாகப் பிறர்க்குச் சென்று முடிந்தது. அதன்பின்னும் உடல் இடங்கொடுத்த அளவில் ஊசியும் நூலுமாகவே அவள் வாழ்ந்தாள். கொடுத்ததைப்பற்றி ஒரு நாளேனும் அவள் வருந்திப் பேசியதில்லை என்று முல்லர் எழுதியுள்ளார்.