கல்வெட்டும் கல் உடைப்பவரும்

ஸ்ரீநகரையும் லே நகரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில், கடல் மட்டத்திலிருந்து 11,500 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது ஸோஜிலா கணவாய். பனி மூடிவிட்டால் காஷ்மீரிலிருந்து லடாக்குக்குத் தரைவழி இல்லை. வான்வழி உண்டு, ஆனால் அதன் கட்டணம் சாமானியருக்கு எட்டுவதாக இருப்பதில்லை. ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில் உறைந்த ஆற்றின் மீது நடந்துதான் தலைமுறை தலைமுறையாக மக்கள் வெளியுலகை எட்டினார்கள்.

இந்தக் கணவாயின் அடியில் ஏறத்தாழ 13 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கப்பாதை அமைக்கும் பணி 2020 அக்டோபரில் தொடங்கியது. முதலில் 2026 என்றார்கள். பிறகு இலக்கு 2028-க்குத் தள்ளிப்போயிற்று. இந்தத் திட்டத்துக்கு 2018 மே மாதமே பிரதமர் லே நகரில் அடிக்கல் நாட்டிவிட்டார் என்பதும், ஒப்பந்தம் பெற்ற ஐ.எல்.எஃப்.எஸ். குழும நிறுவனம் கடனில் மூழ்கியதால் 2019-இல் ஒப்பந்தமே ரத்தாகி எல்லாம் மறுபடி தொடங்க நேர்ந்தது என்பதும் பலருக்கு மறந்திருக்கும். சோனாமார்க் சுரங்கப்பாதையின் கதையும் அதுதான். 2012-இல் அடிக்கல், 2025 ஜனவரியில் திறப்பு. வெறும் 6.5 கி.மீ.க்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

ரோதங் இன்னும் விசேஷம். 2000-இல் அறிவித்தவர் வாஜ்பாய். 2002-இல் அணுகுசாலைக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே. சுரங்கத்துக்கு 2010-இல் அடிக்கல் நாட்டியவர் சோனியா காந்தி. 2020 அக்டோபரில் திறந்துவைத்தவர் நரேந்திர மோடி. திறப்பு விழா முடிந்த கையோடு, சோனியாவின் பெயர் பொறித்த கல்வெட்டைக் காணவில்லை என்று ஹிமாசலக் காங்கிரஸார் புகார் கிளப்பினர். இருபது ஆண்டுகள் ஏன் ஆயின என்ற கேள்விக்குக் கிடைக்காத பரபரப்பு அந்தக் கல்லுக்குக் கிடைத்தது.

தாமதத்துக்கு இயற்கையை மட்டும் குறை சொல்ல முடியாது. ரோதங்கில் சேரி நாலா என்ற ஓடையின் கீழே பாறை நொறுங்கி நீர் கொட்டியது உண்மை. சில நூறு மீட்டரைக் கடக்கவே ஆண்டுகள் பிடித்தன. ஆனால், சீன எல்லையை ஒட்டிய சாலைகள் குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-இல் அளித்த அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. எல்லைச் சாலைகள் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட 61 சாலைகள் 2012-க்குள் முடிந்திருக்க வேண்டும். 2016 மார்ச் வரை முடிந்தவை 22 மட்டுமே. எல்லையை வளர்க்காமல் விடுவதே பாதுகாப்பு என்பதுதான் பல்லாண்டுகளாக இந்தியாவின் கொள்கையாக இருந்தது என்று 2013-இல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோனி. அவரது வெளிப்படையைப் பாராட்டலாம். அந்தக் கொள்கைக்கு விலை கொடுத்தவர்கள் எல்லையோர கிராம மக்கள்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. முன்பு ஆறு மாதம் வரை மூடிக்கிடந்த ஸோஜிலாவை, சுரங்கம் முடிவதற்கு முன்பே, பனியை அகற்றி 2022-இல் 73 நாள்களிலும் 2025-இல் 32 நாள்களிலும் திறந்துவிட்டது எல்லைச் சாலைகள் அமைப்பு. நிம்மு - பதும் - தார்ச்சா சாலை 2024 மார்ச்சில் இணைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பாதையில் 15,800 அடி உயரத்தில் ஷிங்கு லா சுரங்கத்துக்கான முதல் வெடி 2024 ஜூலையில் வெடிக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய வேகம்தான். இந்த வேகத்தை யாருடைய உடல் தாங்குகிறது என்பதே கேள்வி.

மலையைக் குடைபவர்களும், சாலையோரத்தில் கல் உடைப்பவர்களும், தார் ஊற்றுபவர்களும் பெரும்பாலும் சமவெளி ஏழைகள். கல்வான் மோதல் நிகழ்ந்த அதே 2020 ஜூனில், ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து சிறப்பு ரயிலில் தொழிலாளர்கள் லடாக் சாலைப் பணிக்கு அனுப்பப்பட்டனர். இடைத்தரகர்கள் கூலியில் பங்கு பறிப்பதாக அந்த மாநில அரசு குரல் எழுப்பிய பிறகே, நேரடி ஆள்சேர்ப்புக்கும் வங்கிக் கணக்கில் கூலி செலுத்தவும் பேச்சு நடந்தது. ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் வேலை செய்யும் இவர்கள், அந்த அமைப்பின் ஏடுகளில் தற்காலிகக் கூலிகள்.

இதன் பொருள் என்ன என்பதற்கு அரசின் அறிவிப்பே சான்று. நிரந்தரப் பணியாளர் பணியில் இறந்தால் உடலைப் பதப்படுத்தி அரசு செலவில் ஊருக்கு அனுப்பும் வசதி நெடுங்காலமாக உண்டு. தற்காலிகக் கூலிக்கு அது கிடையாது. ஈமச் சடங்குக்கு அவர்களுக்குத் தரப்பட்ட உதவித்தொகை 1,000 ரூபாய். 2024 ஜனவரியில்தான் பாதுகாப்பு அமைச்சகம் இதை 10,000 ரூபாயாக உயர்த்தி, உடலை அனுப்பும் செலவையும் ஏற்றது. 10 லட்ச ரூபாய் காப்பீடும் அதே மாதத்தில்தான் வந்தது. எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டது 1960-இல் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பரில் 41 பேர் 17 நாள்கள் சிக்கிக் கிடந்தபோது நாடே பிரார்த்தித்தது. அவசரகால வெளியேறும் வழியுடன்தான் 2018-இல் அந்தச் சுரங்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. சிக்கியவர்களுக்கு அப்படியொரு வழி இருக்கவில்லை. சோனாமார்க் சுரங்கத் தொழிலாளர் முகாமில் 2024 அக்டோபரில் பயங்கரவாதிகள் சுட்டதில் ஒரு மருத்துவர் உள்பட ஏழு பேர் மாண்டனர். 2025 பிப்ரவரி 28 அன்று மானா கிராமத்துக்கு அருகே, இரும்புக் கொள்கலன்களில் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் மீது பனிச்சரிவு விழுந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அந்த மாவட்டத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தைய நாளே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எந்த மேஜையில் தங்கியது என்பதற்குப் பதில் வேண்டும்.

தமிழகத்துக்கும் இந்தக் கணவாயோடு உறவு உண்டு. 1948-இல் பீரங்கி வண்டிகள் ஸோஜிலாவைக் கடந்து எதிரியைத் திகைக்க வைத்தபோது, கழுதைப் பாதையை அவற்றுக்கேற்ற வழியாக அகலப்படுத்தித் தந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். படைக்காகப் போட்ட பாதைதான் பின்னர் மக்களுக்கும் பாதையாயிற்று. ஆனால் படைக்குத் தேவையான சாலைகள் விரைந்து வருவதும், உள்ளூர் மக்களின் குரல் கேட்கப்படாமல் போவதும் சேர்ந்து நடந்தால் என்னவாகும் என்பதை 2025 செப்டம்பர் 24 காட்டியது. மாநிலத் தகுதியும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கோரி லே நகரில் நடந்த போராட்டம் வன்முறையாகி, நான்கு பேர் உயிரிழந்தனர்.

நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு மானியக் கோரிக்கைகள் பல ஆண்டுகளில் விவாதமின்றியே நிறைவேறுகின்றன. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி என்பதற்கு அமைச்சர்களிடம் உடனே பதில் இருக்கிறது. ஒவ்வொரு திட்டத்திலும் ஆண்டுதோறும் எத்தனை தற்காலிகக் கூலிகள் இறந்தனர், எதனால் இறந்தனர், எத்தனை குடும்பங்களுக்கு அந்த 10 லட்சம் போய்ச் சேர்ந்தது என்ற அறிக்கையும் அவையில் வைக்கப்பட வேண்டும். அதைக் கேட்க எதிர்க்கட்சிகளுக்கு, காணாமல்போன கல்வெட்டைத் தேடும் ஆர்வத்தில் பாதி இருந்தாலே போதும்.