பொட்டலத்தை வாங்கியவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு வயது 42. கிளை நூலகத்தில் நின்றுகொண்டே படித்தும், பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கியும் இத்தனை ஆண்டுகளாகத் தனியாகவே வாசித்து வந்தவன். படித்ததைப் பற்றிப் பேச நாலு பேர் கிடைப்பார்கள் என்ற ஆசையில்தான் போனேன். அன்றைக்கு எடுத்துக்கொண்ட நூல் பாமாவின் 'கருக்கு'.

இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், பண்பாகப் பேசுகிறவர்கள். சுவரில் பெரியார் படமும் இருந்தது, அம்பேத்கர் படமும் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது சாதி வெறியர்களைப் பற்றி அல்ல. சாதியை எதிர்க்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவர்களைப் பற்றி.

கூட்டம் தொடங்குமுன் சுண்டலும் தேநீரும் வந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தபடி கேட்டார்.

"சாருக்குச் சொந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கம்."

"விழுப்புரத்துல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அடடே, தெரியுமே! ஊருக்குள்ளயா, காலனிப் பக்கமா?"

"காலனி."

"நாங்கல்லாம் அதெல்லாம் பாக்கிறதில்ல சார்."

பார்க்காதவருக்கு அந்தக் கேள்வி எதற்கு?

கூட்டம் தொடங்கியது. முதலில் பேசியவர், நூலின் மொழி கொச்சையாக இருப்பதால் வாசிப்பு தடைப்படுகிறது என்றார். அடுத்தவர், இது இலக்கியமா, ஆவணமா என்று சந்தேகம் கிளப்பினார். நிலவுடைமைச் சாதியில் பிறந்த எழுத்தாளர் தன் வீட்டுப் பேச்சில் எழுதினால் அது மண்வாசனை. சேரியில் பிறந்த பெண் தன் தெருவின் பேச்சில் எழுதினால் அது கொச்சை. இந்த இரட்டைக் குவளையை இலக்கியத்தில் வைத்தது யார்?

பிறகு ஒருங்கிணைப்பாளர் என் பக்கம் திரும்பினார். "நாம பேசுறதைவிட, இதையெல்லாம் அனுபவிச்ச ஒருத்தர் பேசினா நல்லா இருக்கும். சார், நீங்க சொல்லுங்க." நான் அவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சுண்டல் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் என் தெரு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் சட்டைப் பையில் மூன்று பக்கக் குறிப்பு இருந்தது. அந்த நூல் ஏன் வரிசையாகக் கதை சொல்லாமல் ஒரே நிகழ்ச்சிக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது, மதம் மாறியும் தெரு மாறாதது ஏன் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவர்கள் கேட்டது என் வாசிப்பை அல்ல, என் காயத்தை. கோழையாகிப்போனேன். எங்கள் ஊர் டீக்கடையைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னேன். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டினார்கள். குறிப்பு பையிலேயே இருந்தது.

திரும்பும்போது பேருந்தில்தான் கோபம் வந்தது. 'கருக்கு' படித்தவர்கள் யாரும் மறக்காத ஒரு காட்சி உண்டு. பாமாவின் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். சிறுமி பாமாவுக்கு அது வேடிக்கையாக இருக்கும். அது வேடிக்கை அல்ல என்று அண்ணன் விளக்குவார். அன்று பேசிய பலரும் இந்தக் காட்சியைச் சொல்லி வருத்தப்பட்டார்கள்.

ஆனால் அந்தக் கயிற்றுக்கு இன்னொரு முனையும் உண்டு. பொட்டலத்தை வாங்கிப் பிரித்து வடையைத் தின்றவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் பாமா எழுதியிருக்கிறார். அந்த மண்டபத்தில் ஒருவர்கூட அவரைப் பற்றிப் பேசவில்லை. "எங்கள் வீட்டுக்கு யார் பொட்டலம் கொண்டுவந்தார்கள்? எங்கள் தாத்தா எந்தக் கையால் வாங்கினார்? எங்கள் வீட்டுக் கொல்லையில் யாருக்காகத் தனிக் குவளை கவிழ்த்து வைத்திருந்தோம்?" என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பொட்டலத்தைத் தூக்கியவரின் பேரன் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசவேண்டும். வாங்கித் தின்றவர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து இரக்கப்படுவார்கள். இதற்குப் பெயர் வாசிப்பா?

இது புதிய கதையும் அல்ல. லாகூரில் ஜாத்-பட்-தோடக் மண்டல் என்றொரு சங்கம் இருந்தது. பெயரிலேயே சாதி ஒழிப்பு. 1936 ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தார்கள். சாதியின் வேர் சாஸ்திரங்களின் புனிதத்தில் இருக்கிறது, அந்தப் புனிதத்தைத் தகர்க்காமல் சாதி போகாது என்று அவர் எழுதியது அவர்களுக்குக் கசந்தது. சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. அம்பேத்கர் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. நம் காலத்துக் கூட்டங்கள் அழைப்பை ரத்து செய்வதில்லை. அழைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், அழச் சொல்கிறார்கள். குற்றம் சாட்டினால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சிலர் சொல்வார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது எந்தக் காலம்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அரிவாள் பிடிக்கும் துணிச்சலைக் கொடுத்தது எந்தப் பாடப்புத்தகம்? வீட்டில் கற்றதை வீட்டில்தான் கேள்வி கேட்கவேண்டும்.

"எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?" என்றும் கேட்பார்கள். நாங்கள் வருவோம். இத்தனை காலமும் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டே வந்தவர்கள்தானே நாங்கள்! இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழ் நடத்தியவர். அயோத்திதாசர் 1907-இல் 'தமிழன்' இதழைத் தொடங்கியவர். அவர்கள் வழி வந்தவர்களுக்கு வாசிக்கவும் வாதிடவும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வாசகர் வட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். தலித் எழுத்தை எடுத்துக்கொள்ளும் நாளில், வந்திருக்கும் தலித்தை முதலில் பேச அழைக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து தொடங்குங்கள். நிலம் யார் பெயரில் இருந்தது, அதில் யார் உழைத்தார்கள், அவர்களுக்கு எதில் தண்ணீர் ஊற்றினீர்கள், உங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழில் இன்றைக்கும் பெயருக்குப் பின்னால் என்ன அச்சாகிறது என்று சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள், கொச்சை என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போவேன். அதே மூன்று பக்கக் குறிப்பை எடுத்துப் போவேன். பக்கத்து நாற்காலிக்காரர் மறுபடியும் அங்கேதான் உட்காருவார் என்று நினைக்கிறேன். இந்த முறை நான் முந்திக்கொள்வேன்.

"சாருக்கு எந்த ஊரு? உங்க வீட்டுக்குப் பொட்டலம் யாரு கொண்டுவருவாங்க?"