சுவருக்குள் வளர்ந்தவர் எழுதுக

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் தாம்பரம் ரயில்வே போலீஸாரால் பிடிக்கப்பட்டுச் செங்கற்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அம்மாதம் 31-ஆம் தேதி இறந்துபோனான். அடித்துக் கொன்றனரென்ற குற்றச்சாட்டின்மேல் இல்லத்து ஊழியர் அறுவர் கைதாயினர். முடிச்சூரிலிருந்து இதனை எழுதும் நமக்கு அவ்வில்லம் தூரதேசமன்று; தாம்பரத்தில் வண்டியேறினால் ஒரு மணி நேரத்திற்குள் அடையலாம்.

அவன் பெயரை நாம் எழுதோம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்து 74-ஆம் பிரிவு அதனைத் தடுக்கின்றது; தடுப்பதும் நன்றே. ஆயின் பெயரை மறைக்கும் திரை, சுவருக்குள் நடப்பவற்றையும் மறைத்துவிடலாகாது. இந்தியாவில் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணமே, அது 1920-இல். நூறாண்டு கடந்தும் ஒரு தாய் தெருவில் நின்று நீதி கேட்க நேர்ந்ததன்றோ! 2023-இல் நீதிபதி சந்துரு அவர்களை அரசாங்கம் நியமித்து, இவ்வில்லங்களை ஆராயச் செய்து அறிக்கையும் பெற்றது. நன்று. எனினும், எத்துணை நுண்ணிய அறிஞரும் பகலில் வந்து பார்ப்பவரே. இரவில் அங்கே உறங்கியவன் அறிந்தது வேறு.

அயர்லாந்து தேசத்துப் பாடி டாய்ல் என்பவர் 1955-இல், நான்கு வயதில், கோர்ட்டாரால் கன்னியர் நடத்திய தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பட்டதை 1988-இல் ‘தி காட் ஸ்குவாட்’ என்ற நூலாக வெளியிட்டார். அவரைப் போன்றோர் பலர் வாய்திறந்த பின்னரே, 1999-இல் அந்நாட்டுப் பிரதமர் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2009-இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அப்பள்ளிகளிற் பெரும்பாலன கிறிஸ்துவின் நாமத்தால் நடந்தவை என்பதை மிஷன் கலாசாலையினராகிய நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும்.

“பழம்புண்ணைக் கிளறுவானேன்?” என்பர் சிலர். புண்பட்டவன் அதனைக் கூறின் கேட்கலாம்; பிறர் கூறுதற்கு உரிமையில்லை. எழுதென்று எவரையும் வற்புறுத்துதலும் தகாது.

நம் மாணாக்கர் உரிய அனுமதி பெற்று, வாரம் ஒருநாள் அவ்வில்லத்துச் சிறாருக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கலாம். அவர்கள் எழுதிய தாள்கள் அவர்களுடையனவாகவே இருத்தல் வேண்டும். நம் பெயரிட்டுப் பிரசுரிப்பது மற்றொரு திருட்டு. மூன்று மாதத்துக்கொருமுறை இல்லங்களைப் பார்வையிடும் குழுவினர், ஊழியர் எவரும் அருகிலில்லாதபோது அத்தாள்களைப் பெற்று வாசிக்குமாறு விதி செய்ய, நம் பழைய மாணவராகிய வக்கீல்கள் அரசாங்கத்திற்கு விண்ணப்பம் வரைந்தளிப்பாராக.