டப்பா வாங்குமுன் ஒயர் இழுங்கள்



வெளிநாட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நீங்கள் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு அனுப்பிவைக்கும் மெஷ் வைஃபை பெட்டிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் உண்டு.

"அம்மா ரூமில் சிக்னல் இல்லையாம், மூன்று டப்பா செட் ஆர்டர் போட்டாச்சு." இந்த ஒரு வருஷத்தில் இதை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! அனுப்புகிற அன்பைக் குறை சொல்லவில்லை. வீட்டை ஒரு தடவையாவது மனசுக்குள் நடந்து பார்த்துவிட்டு அனுப்பக் கூடாதா? பெட்டியின் மேல் இத்தனை ஆயிரம் சதுர அடிக்குப் போதும் என்று போட்டிருக்கிறானே, அது தடை அதிகம் இல்லாத இடத்துக்கான கணக்கு. உங்கள் தாத்தா கட்டிய சுவர் அந்தக் கணக்கில் இல்லை.

உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகள் உங்களுக்குத் தெரியாததா? அகலம் கொஞ்சம், நீளம் ஏராளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. இடையிடையே செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடிச்சுவர். இணைப்புக் கொடுக்க வருகிற பையன், ஃபைபர் எட்டுகிற இடம் என்று ரேழியிலேயே மோடத்தை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுகிறான். தெருவில் போகிறவருக்கு அருமையான சிக்னல். கடைசி அறையில் படுத்திருக்கும் பாட்டிக்குப் பேரன் முகம் பாதியில் உறைந்து நிற்கிறது.

இதற்கு மூன்று டப்பாவை ஒயர் இல்லாமல் வைத்தால் என்ன நடக்கும்? நம் வகுப்பில் விளையாடுவோமே, முதல் பெஞ்சில் காதோடு ஒரு வாக்கியம் சொல்லி, அது கடைசி பெஞ்சுக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்று பார்க்கும் விளையாட்டு. நடுவில் இருக்கும் பையன் கேட்கிற நேரத்தில் பேச முடியாது, பேசுகிற நேரத்தில் கேட்க முடியாது. இரண்டு பேண்ட் மட்டும் உள்ள செட்டில் நடு டப்பாவின் கதியும் அதுதான். முன் டப்பாவிடம் வாங்குவதும் உங்கள் போனுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே ரேடியோ. ஒரு தாவலுக்கு ஏறக்குறையப் பாதி போய்விடும். சுவரில் அடிபட்டு 60 எம்பிபிஎஸ் வந்து சேர்ந்தால் மறுபுறம் கிடைப்பது 30 சொச்சம். அடுத்த தாவலில் அதிலும் பாதி. டப்பாக்கள் தமக்குள் பேச என்று தனி ரேடியோ வைத்த மூன்று பேண்ட் செட்டுகள் உண்டு. ஆனால் விலை அதிகம், சுவரும் அதே சுவர்தான். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடிச்சுவரைக் கண்டால் 2.4ஐவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஆகவே நான் சொல்வது ஒன்றே ஒன்று. ரேழியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் ஒயர் இழுங்கள். கேட் 6 ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். நம் வீட்டுக்கு 30, 40 மீட்டர் தாராளம். அந்த ஒயரின் முனையில் இரண்டாவது டப்பாவைச் செருகினால் அது முழு வேகத்தையும் வாங்கித் தரும், மூன்றாவது டப்பாவே பல வீடுகளில் தேவைப்படாது. கூலியோடு சேர்த்தாலும் நீங்கள் அனுப்புகிற செட்டின் விலையில் சிறு பகுதிதான். ஒயர் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை அதே பெயரில் தலையில் கட்டுகிறார்கள். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலேயே இதையும் திணிக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், விடாதீர்கள்.

"சார், பழைய வீடு, சுவரைத் துளைக்கக் கூடாது, பார்க்க அசிங்கமாக இருக்கும்." இதுதான் எல்லோரும் சொல்லும் பதில். கேபிள் டிவி வந்த காலத்தில் ஜன்னல் வழியாகக் கருப்பு ஒயர் தொங்கியபோது இந்த அழகுணர்ச்சி எங்கே போயிருந்தது? நிலைப்படிக்கு மேலே ஒரு விரல் அளவு ஓட்டை போதும். அதுவும் வேண்டாமென்றால் மாடி வழியாக வெயில் தாங்கும் ஒயரைக் கொண்டுபோய் முற்றத்தில் இறக்குங்கள். அணில் கடிக்காமல் பைப்புக்குள் போடுங்கள்.

ஒயருக்கு வழியே இல்லை என்பவர்களுக்கு முற்றம் இருக்கிறதே! வானம் பார்த்த இடத்தில் அலைக்குத் தடை இல்லை. இரண்டாவது டப்பாவை முற்றத்தைப் பார்த்த தூண் பக்கம் வையுங்கள். சிக்னல் செத்த அறையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். தானே பட்டினி கிடக்கும் டப்பா உங்களுக்கு என்ன பரிமாறும்? இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் வேண்டாம்.

இன்னொரு சங்கதி. நம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. வீட்டுக்கு மூன்று டப்பாவும், அணைக்காமல் விட்ட பழைய மோடத்தின் வைஃபையும் சேர்ந்தால், மார்கழிக் காலையில் தெருவின் இரு முனையிலும் இரண்டு ஒலிபெருக்கி வேறு வேறு பாட்டுப் போடுவது மாதிரிதான். புது டப்பா வைத்ததும் பழைய மோடத்தின் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். 

தில்லை நகரிலும் கே.கே. நகரிலும் 900 சதுர அடி பிளாட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மெஷ்ஷே வேண்டாம். மோடத்தைச் செருப்பு ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஹால் நடுவில், உயரத்தில் வையுங்கள். அந்தப் பணத்தில் வீட்டுக்கு வேறு ஏதாவது வாங்குங்கள்.

இப்போது என் கோபத்தின் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். சித்திரை வீதியில் தனியாக இருக்கும் ஒரு மாமி, எண்பதைத் தாண்டியவர். மகன் லீவில் வந்து, தன் போனில் ஆப் போட்டு, தன் கணக்கில் செட்டைப் பதிந்துவிட்டுப் போய்விட்டார். ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. கரண்ட் வந்த பிறகும் இரண்டாவது டப்பா இணையவில்லை, சிவப்பு விளக்கு. அதைச் சரிசெய்யும் அதிகாரம் கடல் தாண்டித் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு போனில்! பக்கத்து வீட்டுப் பையன் வந்தான், என்னையும் கூப்பிட்டார்கள், யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. மாமி மகனோடு பேசுவது வாட்ஸ்அப்பில் மட்டும். மொபைல் டேட்டா போடத் தெரியாது. இரண்டு நாள் அந்த வீட்டில் தொலைபேசிச் சத்தமே இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி மகன் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். அந்த இரண்டு நாளில் மாமி வழுக்கி விழுந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவர்கள் வீட்டுக் கதவின் சாவியை நீங்கள் எடுத்துக்கொண்டு போவீர்களா? இதை மட்டும் ஏன் எடுத்துப்போகிறீர்கள்? பல ஆப்களில் இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்க்க வழி இருக்கிறது. வீட்டில் இருப்பவரையோ, கூப்பிட்ட குரலுக்கு வரும் ஒருவரையோ சேர்த்துவிட்டுப் போங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்தப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும் என்று அதன் மேலேயே 1, 2 என்று எண் போடுங்கள். டப்பா இருக்கும் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டும் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் போதும். வோல்ட் பொருந்துகிறதா என்று அடாப்டரில் படித்துவிட்டு வாங்குங்கள்.

கடைக்காரரிடம் எத்தனை ஆன்டெனா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு டப்பாவிலும் லேன் போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். சில மலிவு செட்டுகளில் துணை டப்பாவுக்கு அது இருக்காது, ஒயர் இழுத்தும் வீண். நாளைக்கு ஒரு டப்பா பழுதானால் வேறு கம்பெனி டப்பாவைச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அதற்காகவே வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈஸிமெஷ் என்று ஒரு பொது ஏற்பாடு கொண்டுவந்தது. வெளிநாட்டில் வாங்கிப் பெட்டியில் திணித்துக்கொண்டு வருகிறவர்கள், இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டவர்கள் ரத்து செய்ய வேண்டாம், ஒயர்மேனுக்குச் சொல்லிவையுங்கள். மற்றவர்கள் ஒரு தாளில் வீட்டின் படம் வரைந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மோடம், முற்றம், அம்மா படுக்கும் அறை மூன்றையும் குறித்திருக்க வேண்டும். அடிக்கணக்கு எழுதாத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.