பெயர் உண்டு, பந்தியில் இடமில்லை!

சங்கு ஊதியதும் ஓடுகிறோமே தோழர்களே, அந்த ஆலை யாருடையது? முதலாளியுடையது என்போம் நாம். இல்லை, கம்பெனியுடையது என்கிறது சட்டம். கம்பெனிக்கு உடலில்லை, உயிரில்லை, உறக்கமில்லை. ஆனாலும் அது ஓர் 'ஆள்'! 1897-இல் லண்டன் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு இது. சாலமன் என்றொரு பூட்சு வியாபாரி, மனைவி மக்களுக்கு ஆளுக்கொரு பங்கு கொடுத்து, மற்றதையெல்லாம் தன் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி அமைத்தார். கம்பெனி நொடித்தது. சாலமன் வேறு, கம்பெனி வேறு. கம்பெனி பட்ட கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்றனர் பிரபுக்கள். தந்திரம் அல்ல, சட்டம்!

உடலற்ற அந்த ஆளுக்குக் கையும் வாயுமாக இருப்பவர்கள் டைரக்டர்கள். 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அவர்களது கடமைகளை ஓரிடத்தில் தொகுத்து எழுதவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியது, 166-ஆவது பிரிவில். நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும். கவனமும் திறமையும் காட்ட வேண்டும். சொந்த நலன் குறுக்கிடும் இடத்தில் ஒதுங்க வேண்டும். முறைகேடாக லாபம் அடைந்தால் அந்தத் தொகையைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பங்குதாரர் நலன் மட்டுமல்ல, ஊழியர் நலனையும் எண்ண வேண்டும். ஆம், ஊழியர்! பாட்டாளியின் பெயர் இலையில் எழுதப்பட்டுவிட்டது. மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மகிழலாமா? பொறுங்கள். மீறினார் என்று கோர்ட்டில் புகார் தருவது யார்? 439-ஆவது பிரிவைப் புரட்டுகிறோம். கம்பெனிப் பதிவாளர் தரலாம், பங்குதாரர் தரலாம், மத்திய சர்க்கார் அதிகாரம் அளித்தவர் தரலாம். 245-ஆவது பிரிவின்படி கூட்டாக வழக்காடவும் வழியுண்டு; பங்குதாரருக்கும் டெபாசிட் போட்டவருக்கும். பத்து ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவர் பதிவேட்டில் இருக்கிறார். முப்பது ஆண்டு வியர்வை சிந்தியவன் எங்கே? தேடித் தேடிப் பார்த்தோம், காணோம்.

கூலி பாக்கிக்குத்தான் தொழிலாளர் சட்டங்கள் உண்டே என்பர் கனவான்கள். உண்டு, மறுக்கவில்லை. வராத கூலியைக் கேட்க அவை உதவும். ஆலைப் பணத்தை மைத்துனர் கம்பெனிக்கு மடைமாற்றும் டைரக்டரின் கையைப் பிடிக்க அவை உதவா. 2008 டிசம்பரில் ஐதராபாத் சத்யம் கம்பெனியின் டைரக்டர்கள், தலைவரின் குடும்பத்தாரோடு தொடர்புள்ள இரு கம்பெனிகளை வாங்க இசைந்தனர். பங்கு வைத்திருந்தோர் கூச்சலிட்டனர். ஒரே இரவில் திட்டம் கைவிடப்பட்டது. மறு மாதம், கணக்கே பொய் என்று தலைவர் தாமே கடிதம் எழுதினார். அங்கே வேலை பார்த்த சுமார் 50,000 பேருக்கு? பத்திரிகையில் படிக்கும் உரிமை இருந்தது!

தொழிலாளிக்கு வாசல் திறந்ததெல்லாம் கம்பெனி சாகும்போதுதான். 1982-இல், பி.ஆர். ராமகிருஷ்ணன் வழக்கில், கம்பெனியைக் கலைக்கும் விசாரணையில் தொழிலாளரும் பேசலாம் என்றது சுப்ரீம் கோர்ட்டு. அதுவும் ஐந்து நீதிபதிகளில் மூவர் சொல்லால்! 2019-இல் கான்பூர் சணல் ஆலை வழக்கில், பாக்கிக்காகத் தொழிற்சங்கமே திவால் மனு போடலாம் என்றது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டமும், கலைப்புச் செலவு போக, 24 மாதக் கூலி பாக்கிக்கு, ஈட்டுரிமையை விட்டுக்கொடுத்த வங்கியோடு சம வரிசை தருகிறது. நல்லவைதாம். ஆனால் இழவு வீட்டில் நாற்காலி போடுகிறார்கள். நோய் கண்டபோது வைத்தியனை அழைத்துவர மட்டும் விடமாட்டோம் என்கிறார்கள்.

நாம் கேட்பது ஒரு வரித் திருத்தம். 439-இல், புகார் தரக்கூடியவர் பட்டியலில், 'அக்கம்பெனியின் பதிவுபெற்ற தொழிற்சங்கம்' என்று சேர்க்கட்டும். பொய்ப்புகார் பெருகும் என்று அஞ்சுவோர் உண்டு. பங்குதாரரை நம்பும் கோர்ட்டுக்குச் சங்கத்தின் புகாரில் பொய்யைப் பிரித்தறியத் தெரியாதா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கையில் நேரில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வாருங்கள்.