மூன்று நிமிஷமும் முப்பத்தாறு பிரேமும்

ஒளிப்படப் பட்டயப் படிப்பைப் பற்றிய புதிய சுற்றறிக்கை இதற்குள் நம் வாசகர்களில் பலருடைய கைக்கு வந்திருக்கும். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர்களைக் குறித்த காணொளிகளை, ஒவ்வொன்றும் 3 நிமிஷத்துக்கு மேற்படாதபடி தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் வகுப்பில் காட்ட வேண்டும் என்றும், அவ்வாறு காட்டும் நேரத்தைச் செய்முறைப் பயிற்சியாகவே கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. இதை ஏற்பதா மறுப்பதா என்று உபாத்தியாயர்கள் கேட்டு எழுதிய கடிதங்கள் சேர்ந்துவிட்ட பிறகும் மௌனமாக இருப்பது இப்பத்திரிகைக்கு அழகன்று.

காணொளிக்கு நாம் விரோதிகள் அல்லோம். பதிப்புரிமையைப் பற்றி அஞ்சுவோருக்கும் சமாதானம் உண்டு: பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை, கல்வி நிலையத்தில் திரைப்படம் காட்டுவதற்கு 1957ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுத்தே இருக்கிறது. நம் ஆட்சேபம் அளவைப் பற்றியது.

வில்லியம் க்ளைனின் யோசனையில் பிறந்து பிரான்சில் தயாரான ‘கான்டாக்ட்ஸ்’ வரிசையை நம்மில் பலர் வகுப்பில் காட்டியிருக்கிறோம். கூடெல்கா, துவானோ, மார்க் ரிபு, டான் மெக்கலின் முதலியோரின் கான்டாக்ட் ஷீட்டுகளின்மேல் காமிரா பிரேம் பிரேமாக ஊர்ந்து செல்ல, படம் எடுத்தவரின் குரல் மட்டும் கூடவே நடந்து, எந்தக் கணத்தில் கை தயங்கியது, எது தப்பியது, எது பிழைத்தது என்று சொல்லிக்கொண்டே போகும் அப்படங்களைக் காட்டிலும், தேர்ந்தெடுத்தல் என்னும் வித்தையைக் கற்பிக்கும் சாதனம் வேறொன்றை நாம் அறியோம். மேதையும் 36 பிரேமில் 35ஐ ஒதுக்குகிறவன்தான் என்று கண்ணால் கண்ட மாணவனுக்கு ஒரு தைரியம் பிறக்கிறது. அவை ஒவ்வொன்றும் சுமார் 13 நிமிஷம் ஓடும். ஆகவே புதிய விதிப்படி அவற்றுக்கு வகுப்பில் இடமில்லை! 3 நிமிஷம் என்பது, 2024 அக்டோபரில் யூட்யூப் தன் ஷார்ட்ஸுக்கு வைத்துக்கொண்ட வரம்பு. ஒரு வியாபார ஸ்தாபனம் தன் சௌகரியத்துக்கு வகுத்த அளவைப் பாடத்திட்டத்துக்கும் அளவாகக் கொள்வது, செருப்புக்குத் தகுந்தபடி காலைத் தறிக்கும் காரியம்.

இதுவாவது திருத்தக்கூடிய பிழை. சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில், படிப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதைப் போல ஒதுங்கியிருக்கும் வரியொன்று இருக்கிறது: இருட்டறை ரசாயனங்களுக்கான ஒதுக்கீடு நிறுத்தப்படும், அந்த அறையைக் காணொளிக் கூடமாக மாற்றிக்கொள்ளலாம்.

1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை, நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தருகே, லைட் மீட்டர் அகப்படாமல், நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 காண்டில் என்ற ஞாபகத்தையே துணையாகக் கொண்டு ஆன்ஸல் ஆடம்ஸ் ஒரு நெகடிவை எடுத்தார். இரண்டாவதற்கு முயல்வதற்குள் அங்கிருந்த கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. 3 நிமிஷக் காணொளி இந்தக் கதையைச் சொல்லும். கேட்கச் சுவையான கதைதான். ஆனால், அந்த நெகடிவின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்ததால் 1948இல் அதை மட்டும் இன்டென்சிஃபையரில் இட்டு வலுவேற்றியதையும், பல தசாப்தங்களாகத் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டு, பர்ன் செய்து செய்து, மேகம் படர்ந்திருந்த வானத்தைக் கரிய வானமாக்கியதையும், டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ட்ரேயில் ஆட்டிக்கொண்டு நின்றறியாத மாணவனுக்கு எந்தக் காணொளி விளங்க வைக்கும்? காட்சி அறிவு வேறு, கை அறிவு வேறு. இருட்டறையில் அவன் கற்பது பழைய தொழில்நுட்பம் என்று நிர்வாகிகள் எண்ணுகிறார்கள். டெவலப்பரில் உருவம் மெல்ல எழும் வரையில் காத்திருக்கும் நிதானத்தையும், தன் பிழையைத் தானே ஃபிக்ஸரில் போட்டு நிரந்தரமாக்கிப் பார்க்கும் நேர்மையையும் அவன் கற்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிவிக்க முயன்ற மகஜர்களுக்கு இந்த இருபது வருஷத்தில் பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிப் பதிலும் வந்ததில்லை. இவ்வரிகளை எழுதுகிறவன் முன்னர் வேலை பார்த்த கல்லூரியில், விடுமுறையில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து, 4 என்லார்ஜர்களைப் பழைய இரும்போடு நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். செய்தி கேட்டு ஓடி, கடைக்காரரிடம் கெஞ்சி, ஒன்றை மட்டும் மீட்க முடிந்தது. அது இன்றும் வேலை செய்கிறது.

அபிப்பிராயம் தெரிவிக்க இம்மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நீளத்தின் வரம்பை நீக்கும்படியும், காணொளி நேரத்தைச் செய்முறைக் கணக்கில் சேர்க்காதிருக்கும்படியும், அந்தக் கடைசி வரியை அடித்துவிடும்படியும் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டுகிறோம். உங்கள் இருட்டறையில் இன்று எத்தனை என்லார்ஜர் ஓடுகிறது என்பதையும் குறிப்பிட்டு, கடிதத்தின் நகலொன்றை நமக்கும் அனுப்பி வையுங்கள்.